மடியாத வேப்பிலை

போன மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் என்னை ஓவியப் போட்டிக்கு நடுவராக உட்கார வைத்தார்கள். தலைப்பு ‘நம் ஊர் இயற்கை’. நான் பல வருஷம் வேலை பார்த்த அதே பள்ளிதான். ஜன்னலைத் திறந்தால் திருத்தணி மலை கண்ணில் வந்து இடிக்கும். அந்த ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகள் என்ன வரைந்து வைத்திருந்தார்கள் தெரியுமா? இரண்டு முக்கோணம், நடுவில் பாதிச் சூரியன், கீழே நீலமாக ஓர் ஆறு, கரையில் குடிசை, பக்கத்தில் ஒரு தென்னை. எங்கள் ஊர் ஆற்றில் வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடுகிறது. படிக்கட்டும் பாறையும் முள்ளுச் செடியும் குரங்குமாக இருக்கிற நம் மலை ஒரு தாளிலும் இல்லை. “யார் சொல்லிக் கொடுத்தது?” என்று கேட்டேன். ஓவிய ஆசிரியர் நல்ல பிள்ளை, வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சிரித்துக்கொண்டே கரும்பலகையைக் காட்டினார். அங்கே இரண்டு முக்கோணமும் பாதிச் சூரியனும் இருந்தன.

எனக்கு வந்த கோபத்தில் யாருக்கும் பரிசு கிடையாது என்று சொல்லிவிட்டு எழுந்தேன். பிறகு மனசு கேட்காமல் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆளுக்கொரு மிட்டாய் கொடுக்கச் சொன்னேன். பிள்ளைகள் என்ன செய்யும் பாவம். அந்த ஆசிரியரே மறுநாள் வீடு தேடி வந்து, “சார், டிராயிங் வாத்தியாருங்க நாங்க கொஞ்ச பேரு கூடறோம், நீங்க வந்து ரெண்டு வார்த்தை பேசணும்” என்றார். பேசினால் கத்திவிடுவேன். அதனால் எழுதியே கொடுத்துவிடுகிறேன், கூடுகிற இடத்தில் படித்துக்கொள்ளுங்கள்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது இரண்டாம் உலக யுத்த காலத்தில். அப்போது முக்கோண மலை கிடையாது, ஆப்பிள் பழம் இருந்தது. சீமையிலிருந்து வந்த மாதிரிப் படப் புத்தகத்தைப் பார்த்து வாத்தியார் பலகையில் ஆப்பிள் போடுவார், பிள்ளைகள் அதைப் பார்த்து ஆப்பிள் போடும். எங்கள் பிள்ளைகளில் யாரும் ஆப்பிளைக் கடித்ததும் கிடையாது, முகர்ந்ததும் கிடையாது. கொய்யாவைக் கையில் வைத்துத் தின்றுகொண்டே ஆப்பிள் வரைவார்கள். அதற்குப் பெயர் சித்திரக் கல்வி.

அந்தக் காலத்தில் எல்லா வாத்தியார்களுக்கும் தெரிந்த ஒரு சுருக்கு வழி இருந்தது. தாளின் நடுவில் ஒரு நேர்க்கோடு. இடது பக்கம் பாதிப் படத்தைப் பென்சிலால் அழுத்திப் போட வேண்டும். பிறகு கோட்டில் தாளை மடித்து, மேலே கட்டை விரல் நகத்தால் தேய்க்க வேண்டும். பிரித்தால் வலது பக்கமும் தானாகப் பதிந்திருக்கும். பானை, பூ, இலை, பட்டாம்பூச்சி, எதுவானாலும் மடி, தேய். இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றாக இருந்தால் முழு மார்க். எங்கள் பகுதிப் பிள்ளைகளுக்கு அது இன்னும் சுலபம். காலையில் வாசலில் கோலம் பார்த்து வளர்ந்தவர்கள், பாதி பேர் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள். ஒரு பக்கம் போட்டால் மறு பக்கத்தைக் கையே போட்டுவிடும். கண்ணுக்கு வேலையே கிடையாது.

யுத்தம் வந்து எனக்கு ஒரு நன்மை செய்தது. வண்ணக் கட்டி வருவது நின்றது. தாளும் கிடைக்கவில்லை. மற்ற ஊர்களில் டிராயிங் பீரியடில் கணக்குப் போட ஆரம்பித்தார்கள். நான் பிள்ளைகளை வெளியே ஓட்டிக்கொண்டு போனேன். சிலேட்டைத் தேய்த்து அழிக்கிற கோவை இலைச் சாறு பச்சைக்கு ஆயிற்று. கே.ஜி.கண்டிகைப் பக்கத்துச் செம்மண், வீட்டு மஞ்சள், அடுப்புக் கரி எல்லாம் கொட்டாங்கச்சியில் சேர்ந்தன. ஈச்சங்குச்சியின் நுனியைக் கல்லில் நசுக்கினால் தூரிகை. அரக்கோணத்தில் மளிகைக் கடை வைத்திருந்த ஒரு பாய், சரக்கு கட்டி வரும் பழுப்புத் தாளைச் சுருட்டிச் சுருட்டி எடுத்து வைத்திருந்து கொடுப்பார்.

ஊரில் சும்மா இருப்பார்களா? “டிராயிங் வாத்தியாரு புள்ளைங்கள ஆடு மாதிரி ஓட்டிகினு போறாரு, படிப்பு சொல்லித் தர்றாரா மேய்க்கிறாரா?” என்று தலைமையாசிரியரிடம் புகார் போயிற்று. அவர் என்னைக் கூப்பிட்டு, “என்னய்யா, மரத்தையெல்லாம் உள்ள உட்கார்ந்தே போடக் கூடாதா? புள்ளைங்க மரம் பாத்ததில்லியா?” என்று கேட்டார்.

“தினமும் பாக்கறாங்க சார். ஆனா ஒருத்தனும் கவனிச்சதில்ல” என்றேன். அதிகப்பிரசங்கி என்று பெயர் எடுத்ததுதான் மிச்சம்.

பொதட்டூர்பேட்டையிலிருந்து வந்து, அத்தை வீட்டில் தங்கிப் படித்த நாகம்மா என்ற பெண் என் வகுப்பில் இருந்தாள். தறி நெய்கிற வீடு. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். கை என்றால் அப்படி ஒரு கை. மடித்துத் தேய்க்காமலே இரண்டு பக்கமும் ஒன்றாகப் போடுவாள். ஒரு நாள் பள்ளி வாசல் வேப்ப மரத்தடியில் உட்கார வைத்து, ஆளுக்கு ஓர் இலையைப் பெரிதாக வரையச் சொன்னேன். நாகம்மா நொடியில் முடித்துவிட்டு நீட்டினாள். அரச மரத்து இலையைக் கொஞ்சம் இளைக்க வைத்தது போல, நடுவில் நேராக நரம்பு, இரண்டு பக்கமும் அளவெடுத்த மாதிரி இருந்தது.

“ரொம்ப அழகு. உன் இலையைக் கையில் எடு. நடு நரம்பில் மடி” என்றேன்.

மடித்தாள். திருப்பிப் பார்த்தாள். பிரித்து மறுபடி மடித்தாள். “சார், இது மடிய மாட்டேங்குது. ஒரு பக்கம் துருத்திக்கினு இருக்குது.”

“வேறு இலை பார்.”

எழுந்து ஓடிப்போய் ஒரு கொத்தையே ஒடித்துக்கொண்டு வந்தாள். மற்ற பிள்ளைகளும் மடிக்க ஆரம்பித்தார்கள். வேப்பிலையைப் பார்த்திருப்பீர்கள், பார்த்தது போதாது, கையில் எடுங்கள். நடு நரம்பே ஒரு பக்கமாக வளைந்திருக்கும். காம்புக்கிட்டே ஒரு பாதி அகலமாக, மறு பாதி ஒடுங்கி இருக்கும். அப்படித்தான் அது பிறக்கிறது. நாகம்மா கொத்து முழுக்க உருவிப் பார்த்துவிட்டு, கோபத்தோடு, “எல்லாம் தப்பாவே பொறந்து கீது சார்!” என்றாள். வகுப்பே சிரித்தது. பிறகு அவளுக்கே சிரிப்பு வந்தது. உட்கார்ந்து முதல் கோட்டிலிருந்து புதிதாக வரைந்தாள். அன்று சாயங்காலம் மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவள் கண் திறந்த நாள் என்று நான் அதைத்தான் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் வரைந்த பாறையில் வெடிப்பு இருந்தது, ஆடு கடித்த செடியில் கடித்த இடம் இருந்தது, ஆடிக் கிருத்திகை முடிந்து வழியில் கிடக்கிற காவடிப் பூக்களில் மிதிபட்டது எது, வாடியது எது என்று தெரிந்தது.

அந்த வருஷக் கடைசியில் ஒரு செய்தி வந்தது. சென்னையில் ஓவிய ஆசிரியைப் பயிற்சிக்குச் சுற்று வட்டாரப் பெண் பிள்ளைகளில் ஒருத்தியை எடுத்துக்கொள்வார்கள், தங்கவும் சாப்பிடவும் அவர்களே பார்த்துக்கொள்வார்கள், அதிகாரி ஒருவர் நேரில் வந்து வரையச் சொல்லிப் பார்த்துத் தேர்ந்தெடுப்பார் என்று. நான் நாகம்மாவின் நைனாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அந்தத் தெலுங்கு வீடுகளில் அப்பாவை நைனா என்றும் மாமன் மகனைப் பாவா என்றும்தான் கூப்பிடுவார்கள். மனிதர், பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடிய பஸ்ஸில் புகையைத் தின்றுகொண்டு வந்து சேர்ந்தார்.

“மாமன் ஊட்டுல நாள் பாக்கச் சொல்லிகினு கீறாங்க சார். எத்தினி மாசம் தள்றது? அதிகாரி எடுத்துகினா போவட்டும், நான் வேணாங்கல. எடுக்கலேன்னா தையில கல்யாணம். நீங்க குறுக்க வரக் கூடாது” என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. பேச்சு சுத்தமாக இருந்தது. ஆனால் நாகம்மா என்னிடம் தனியாக வந்து, “சார், எனக்கு இப்ப கல்யாணம் வேணாம் சார். பாவாவ எனக்குப் புடிக்காம இல்ல. ஆனா அங்க போனா தறிக்குழியில எறங்கிட்டா அவ்ளோதான்” என்று சொல்லிவிட்டு அழாமல் நின்றாளே, அந்த நிற்றல் எனக்கு மறக்கவில்லை. மொத்த வாழ்க்கையும் ஒரு நாள் காலையில் ஒரு தாளில் இருக்கிறது என்று அந்த வயதிலேயே அவளுக்குத் தெரிந்திருந்தது.

அதிகாரி ரயிலில் வந்து, ஜட்கா வண்டி வைத்துக்கொண்டு பள்ளிக்கு வந்தார். மடிப்புக் கலையாத கோட்டு. வந்ததும் வாசலைப் பார்த்து, “அது என்ன மரம், வேம்பா? சரி, அதையே போடட்டும். ஒரு இலையைப் பெரிதாக வரைந்து வண்ணம் தீட்ட வேண்டும். கீழே இன்ன இலை என்று தமிழிலோ தெலுங்கிலோ எழுத வேண்டும்” என்றார். எங்கள் பள்ளியில் இரண்டு பாஷையும் நடந்தது. நினைவில் வையுங்கள், வேப்பிலையைக் கொடுத்தது அவர்தான். ஒரு கொத்தை ஒடித்துச் சொம்பில் செருகித் தன் மேசை மேலேயே வைத்துக்கொண்டார். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். நாகம்மா என்னைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள்.

பல ஊர்ப் பெண் பிள்ளைகள் வந்திருந்தார்கள். மற்றவர்கள் எல்லாம் கோடு கிழித்து, மடித்துத் தேய்க்கிற சத்தம் அறை முழுக்கக் கேட்டது. நாகம்மா மட்டும் தாளை மடிக்கவில்லை. வரைந்து முடித்துத் தீட்டிக் கொண்டுபோய் வைத்தாள். அதிகாரி கொட்டாங்கச்சியை முகர்ந்து பார்த்து முகத்தைச் சுளித்தார். “பச்சை நன்றாக இருக்கிறது” என்று ஒப்புக்கொண்டார். பிறகு படத்தைத் தூக்கிப் பிடித்தார்.

“என்ன மிஸ்டர், சிம்மெட்ரியே இல்லையே? நடுக்கோடு எங்கே? ஒரு பக்கம் பெரிசு, ஒரு பக்கம் சிறிசு. இவ்வளவு அலட்சியமா?”

“ஐயா, இலையே அப்படித்தான்” என்றேன்.

“இலை எப்படி அப்படி இருக்கும்?”

“மேசை மேலே இருக்குங்க. ஒண்ணை எடுத்து மடிச்சுப் பாருங்க.”

தலைமையாசிரியர் என் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தார். அதிகாரி ஓர் இலையைப் பிய்த்து மடித்தார். மடியவில்லை. “இது பழுது பட்ட இலை” என்றார். இன்னொன்றை மடித்தார். மூன்றாவதை மடித்தார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, “நல்லதாப் பார்த்து ஒடிச்சிட்டு வா” என்று அனுப்பினார். பியூன் அரை மரத்தை ஒடித்துக்கொண்டு வந்து கொட்டினான். கோட்டு போட்ட மனிதர் ஒவ்வோர் இலையாக மடித்து மடித்துக் கீழே போட்டார். சின்னப் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நான் தடுத்திருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கென்ன, நான் ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் முகம் சிவந்துவிட்டது. கையைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “இலை எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும். பரீட்சைக்கு முறைதான் முக்கியம். பெண்ணுக்குக் கை இருக்கிறது, அதனால் சொல்கிறேன். வேறு தாள் எடுத்து முறைப்படி போட்டால் இவளையே எடுத்துக்கொள்கிறேன். மாட்டேன் என்றால் அடுத்த பெண்.” சொல்லிக்கொண்டே அவள் வரைந்த வேப்பிலையை, இரண்டு நாளாக அரைத்து வடிகட்டிய பச்சை இன்னும் காயாத அந்த வேப்பிலையை, நான்காகக் கிழித்துச் சொம்புக்குப் பக்கத்தில் போட்டார்.

படிப்பாளியாம்! கண்ணெதிரே நிற்கிற மரத்தைப் பொய் என்று சொல்ல எவ்வளவு படித்திருக்க வேண்டும்! அவர் சொம்பைத் தூக்கி அவர் தலையிலேயே கவிழ்த்துவிடலாம் என்றுதான் இருந்தது. வேலை போனால் போகட்டும் என்கிற வயசு.

ஆனால் நாகம்மா என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் என்ன சொல்கிறேனோ அதைச் செய்வாள். போடாதே என்று சொன்னால் போட மாட்டாள். நான் வீட்டுக்குப் போய், அதிகாரியை மடக்கிய கதையை ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவேன். அவள் தறிக்குழிக்குப் போவாள். என் வீறாப்புக்கு அவள் வாழ்க்கையை எடுத்துக் கொடுக்க எனக்கு யார் உரிமை கொடுத்தார்கள்? கோபம் என்னுடையது, அதற்கான செலவும் என்னுடையதாக இருக்க வேண்டும்.

“போடும்மா. அவர் கேக்கறதைப் போட்டுக் குடு” என்றேன்.

உங்களில் சிலர் இதைக் கோழைத்தனம் என்பீர்கள். ஒருவர் என் முகத்துக்கு நேராகவே சொல்லியிருக்கிறார். சொல்லட்டும். அடுத்தவன் பிள்ளையைத் தீயில் நிற்க வைத்துவிட்டு வீரம் பேசுகிறவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். இன்றைக்கு அதே அறையில் நிற்க வைத்தாலும் அதையேதான் சொல்வேன்.

நாகம்மா புதுத் தாளை எடுத்தாள். நடுக்கோடு கிழித்தாள். பாதி இலை போட்டாள். மடித்தாள். நகத்தால் தேய்த்தாள், கிழிந்துவிடுமோ என்று பயப்படும்படி தேய்த்தாள். மிச்சமிருந்த பச்சையைத் தீட்டினாள். கீழே குனிந்து, நிறுத்தி நிதானமாகப் பெயர் எழுதினாள், தெலுங்கில். கொண்டுபோய் வைத்தாள்.

தலைமையாசிரியரும் நானும் எட்டிப் பார்த்தோம். இரண்டு பேருக்கும் தெலுங்கு படிக்க வரும், அதிகாரிக்கு வராது. தலைமையாசிரியர் முகத்தில் ஈயாடவில்லை. ‘அய்யகாரு அடிகின ஆக்கு’ என்று எழுதியிருந்தாள். அய்யா கேட்ட இலை.

அதிகாரி பேனா மூடியைத் திருகிக்கொண்டே, “இப்போது எப்படி இருக்கிறது பார்! கீழே என்ன எழுதியிருக்கிறாள்?” என்று கேட்டார்.

காலை முழுக்க என் சட்டையை இழுத்துக்கொண்டிருந்த தலைமையாசிரியர், எச்சிலை விழுங்கிக்கொண்டு, “இன்ன இலைன்னு தெளிவா எழுதியிருக்கா சார்” என்றார்.

“குட்” என்று சொல்லி, அந்த எழுத்துக்குப் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டார். அதோடு விட்டாரா? “இதைக் கண்ணாடி போட்டு மாட்டுங்கள். வேப்பிலை எப்படிப் போட வேண்டும் என்று பிள்ளைகளுக்குத் தெரியட்டும்” என்று உத்தரவும் போட்டுவிட்டு ஜட்கா ஏறினார்.

நைனா வாசலிலேயே காத்துக்கொண்டிருந்தார். “பொண்ண எடுத்துகினாரா சார்?” என்று கேட்டார். ஆங் என்றேன். “அது போதும். மாமன் ஊட்டுக்கு நான் சமாதானம் சொல்லிக்கிறேன்” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினார். நாகம்மா கிழிந்த துண்டுகளைப் பொறுக்கிப் பாவாடை மடியில் கட்டிக்கொண்டு அவர் பின்னால் போனாள். சென்னைக்குப் போனாள், படித்தாள், ஓவிய ஆசிரியை ஆனாள். பாவாவையே கட்டிக்கொண்டாள், அவள் சொன்ன வருஷத்தில்.

படத்துக்குக் கண்ணாடி போட்டு மாட்டினோம். தெலுங்கு தெரிந்த பிள்ளைகள் அதன் கீழே நின்று படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சென்னையிலிருந்து யாராவது வந்தால் தலைமையாசிரியர் அவர்களை அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உட்கார வைப்பார். பிறகு ஆந்திராவில் இருந்த எங்கள் ஊர் தமிழ்நாட்டுப் பக்கம் சேர்ந்தது, பள்ளியில் தெலுங்கு குறைந்தது, சிரிக்கிறவர்களும் குறைந்தார்கள். நான் ஓய்வு பெற்று வரும்போதும் படம் அங்கேயேதான் இருந்தது.

போன மாதம் போட்டிக்குப் போனேனே, முக்கோண மலைகளைப் பார்த்துக் கொதித்துப்போய்த் திரும்பியபோது, சுவரில் அந்தப் படத்தைப் பார்த்தேன். தூசி துடைத்துப் பளிச்சென்று இருந்தது. கீழே இருக்கிற தெலுங்கு படிக்க வராத புது ஆசிரியர் பெருமையாகச் சொன்னார்: “இதப் பாத்துத்தான் சார் வேப்பிலை போடச் சொல்லித் தர்றேன். பழைய காலத்து வேலை, ரெண்டு பக்கமும் எவ்வளவு கரெக்டா இருக்குது பாருங்க.” வாசலில் அதே மரம் நின்றுகொண்டிருந்தது. வகுப்பில் ஒரு பிள்ளையின் முகமும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. பரிசு கிடையாது என்று நான் கத்தியது அதைக் கேட்ட பிறகுதான்.

அங்கிருந்து நேராகப் பொதட்டூர்பேட்டை பஸ் ஏறினேன். நாகம்மா இப்போது அங்கே ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை. தலை நரைத்துவிட்டது. அவள் அறையில் கண்ணாடி போட்ட படம் ஒன்றும் இல்லை. ஜன்னல் மட்டும் பெரிதாக இருந்தது. நடந்ததைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. வெளியே ஓடுகிற பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“அந்த அய்யா இன்னும் கேட்டுகினேதான் கீறாரா சார்?”

அதற்குப் பதிலை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.